மூன்று ராசாக்களுக்கு ஒரு திரை

யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் திரை மூட்டைகளை எண்ணினேன். நான்கும் இருந்தன. என் துணிப்பெட்டியைத்தான் காணோம். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் கட்டியிருந்த சேலையைத் துவைத்துக் கட்டிக்கொள்ளலாம். சிவப்பு வெல்வெட்டில் பதினான்கு அகலம் சேர்த்து, உள்ளே காடாத்துணி கொடுத்து, இரண்டு மாதம் இடுப்பொடியத் தைத்த திரை தொலைந்தால் நான் எங்கே போவேன்?

மதுரையில் எங்களுடையது நாடகத் திரை தைக்கிற கடை. இதைக் கொண்டுவந்து மாட்டிக்கொடுக்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார். "நீதானே தைச்சே, நீயே போய் மாட்டிட்டு வந்துரு" என்றார். கடல் தாண்டிப் போவது அவருக்கு அடுத்த தெருவுக்கு மாவரைக்கப் போகிற மாதிரி. 1983ஆம் வருஷம் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

ஸ்டேஷனில் காத்திருந்தவர் கனகசபை. நகரத்துச் சபை சொந்தமாகக் கட்டிய புது அரங்குக்கு அவர்தான் பொறுப்பாளர். ஒல்லியான மனிதர், மூக்கில் நிற்காத கண்ணாடி. "அம்மா, திரைக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்றுதான் முதலில் கேட்டார். நான் உயிரோடு வந்து சேர்ந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

மூட்டைகளை ஒரு பழைய ஆஸ்டின் காரின் தலையில் கட்டினார்கள். கால் மைல் போனதும் அது ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்தார், திரும்ப மூடினார். "இனி இவன் அசையான்" என்று சொல்லிவிட்டு மரநிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். கனகசபை அந்த வழியாக வந்த ஒரு மாட்டுவண்டியை நிறுத்தி, நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, மூட்டைகளை அதில் ஏற்றினார். அது கருவாட்டு வண்டி.

அடியாத்தி! குருநகரில் வண்டி நின்றபோது என் வெல்வெட்டை முகர்ந்து பார்த்து அழுதே விட்டேன். குருநகர் டவுனை ஒட்டிய மீனவர் பகுதி, எல்லோரும் கத்தோலிக்கர்கள். திரேசம்மா என்பவர் வீட்டில் எனக்கு இடம் பார்த்திருந்தார்கள். அந்த அம்மா மூட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனக்கா அழுறியள்? வெய்யிலிலை விரிச்சுவிட்டால் மணம் போயிடும். அந்தோனி! இஞ்சை வாங்கோ, வந்து பிடியுங்கோ."

அந்தோனி அவர் புருஷன். கதவை அடைக்கிற உடம்பு, பேச்சு மட்டும் குறைவு. அவரும் இன்னும் நாலு பேரும் வலை காயப்போடுகிற கம்புகளில் என் திரையை விரித்தார்கள். "ஈரக் கையால் யாரும் தொடக்கூடாது" என்று நான் காவல் நின்றேன். தொட வராதவர்கள் யாரும் இல்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்த பெண்களை எல்லாம் அதட்டினேன். அவர்கள் சிரித்தார்கள்.

மத்தியானம் ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் நண்டும் இறாலும் மீனும் மரவள்ளியும் போட்டுக் காய்ச்சி, மடித்த பனையோலையில் ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் வாயிலேயே காது இரண்டும் அடைத்துக்கொண்டது. நான் மதுரைக்காரி, காரத்துக்குப் பயந்தவள் இல்லை என்று நேற்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட மூன்று ஓலை குடித்தேன். காப்பிதான் கிடைக்கவில்லை. தேத்தண்ணி என்று பாலில்லாத டீயைக் கொடுத்து, குடித்துக்கொண்டே பனங்கட்டியை, அதாவது கருப்பட்டியை, கடிக்கச் சொன்னார்கள். அதற்குப் பழக எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

மறுநாள் வியாழக்கிழமை அரங்கைப் பார்க்கப் போனேன். அதைவிட அது இருந்த தெருவைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடைத்தெரு என்று சொல்லிக் கனகசபை கூட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கம் கூரையில்லாத சுவர்கள், புகை ஏறிய கறுப்பு அப்படியே இருந்தது. ஒரு மாடிப்படி மட்டும் தனியாக நின்றது, ஏறிப் போக மாடி இல்லை. எதிர்ப்பக்கம் சபை புதிதாகக் கட்டிய கடை வரிசை, சுண்ணாம்பு மணம் போகவில்லை. முக்கால்வாசிக் கடைகளில் பூட்டு தொங்கியது.

"இரண்டு வருசத்துக்கு முன்னம் எரிஞ்சது, அம்மா."

"யாரு எரிச்சது?"

கனகசபை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார். "உது தெருவிலை நிண்டு கதைக்கிற கதையில்லை. நடவுங்கோ" என்றார்.

திறந்திருந்த கடைகளை எட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் பல்பு இல்லை. கூரையில் கம்பி வந்து தொங்கியது, நுனியில் வெறும் பிடி. ஏன் என்று கேட்டேன். "பொழுதுபடக் கடை திறந்திருந்தால்தானே பல்பு வேணும்" என்றார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, மணி நான்கு அடித்தது, கதவுகள் தடதடவென்று இறங்கின. ஐந்து நிமிஷத்தில் தெருவில் நானும் அவரும் ஒரு மாடும்தான். மதுரையில் நான்கு மணி என்றால் கடைத்தெரு அப்போதுதான் முகம் கழுவிப் பூ வைத்துக்கொள்ளும்.

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். எரிந்தபின் வியாபாரிகள் நல்லூர்ப் பக்கம் போய்க் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். புதுக் கடைக்குச் சாவி கொடுத்தும் திரும்பி வர மனமில்லை. சனம் டவுனுக்கு வந்தால்தான் கடை வரும், கடை வந்தால்தான் சனம் வரும். இந்த முடிச்சை அவிழ்க்க அரங்கு கட்டலாம் என்று யோசனை சொன்னதே கனகசபைதான். சபையில் பாதிப் பேருக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"சனிக்கிழமை திறப்புவிழாக் கூத்து. அறுநூறு கதிரையும் நிரம்பும் எண்டு கடைக்காரரிட்டைச் சொல்லிப்போட்டன். அண்டைக்கு ஒருநாள் மட்டும் எல்லாரும் கடை திறந்து பாக்கினமாம். அரங்கு நிரம்பாட்டி அவை சாவியைத் திருப்பித் தந்திடுவினம். சபை அரங்குக்குள்ளை சீமெந்து மூட்டை அடுக்கும். தீர்மானம் எழுதி வைச்சிட்டுத்தான் இருக்கினம்."

என் திரைக்குப் பின்னால் சிமெண்ட் மூட்டையா? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நிரப்பிக் காட்டுவோம் என்று, என்னவோ நான்தான் அந்த ஊர் மேயர் மாதிரி சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை திரை மாட்டினோம். கப்பியும் கயிறும் அந்தோனி கைக்குப் பட்டதும் தானாகவே வேலை செய்தன. என் வீட்டுக்காரர் அரை நாள் மல்லுக்கட்டுகிற முடிச்சை அவர் என்னிடம் பேசிக்கொண்டே, பார்க்காமலே போட்டார். கயிற்றை இழுத்தால் சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் விலகியது. கருவாட்டு மணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த ஊருக்கு அது தெரியாது என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மேடையிலே ஒத்திகை. குருநகர்க்காரர்களின் நாட்டுக்கூத்து, கற்பித்தவர் பிலிப்பு அண்ணாவியார். அண்ணாவியார் என்றால் ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்து மத்தளத்தோடு கூத்தை நடத்துகிறவர். கதையில் ராசா ஒருவர்தான். நான் பார்த்ததோ மூன்று பேர், மூன்று கிரீடம். அதில் ஒருவர் அந்தோனி.

"இதென்னங்க, மூணு ராஜா?"

"விடிய விடிய ஆடுற கூத்து, தங்கச்சி. ஒருத்தன் தொண்டை தாங்குமோ?" என்றார் அண்ணாவியார். "முதல் ராசா, நடு ராசா, கடைசி ராசா. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு ராசா."

கனகசபை கடலோரத்துக்காரர் இல்லை, உடுப்பிட்டிக்காரர். பேனாவும் பைலும் தெரிந்தவர், கடற்கரைக் கூத்து தெரியாதவர். கடைசி பஸ் ஆறு மணிக்கு. இருட்டினால் போலீஸ் ஜீப் வந்துவிடும் என்ற பயத்தில் அதற்குமேல் டவுனில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். அதனால் கூத்தை மூன்று மணிக்குத் தொடங்கி ஆறுக்குள் முடிக்க வேண்டும், ஒரு ராசா போதுமே என்றார். அண்ணாவியார் மத்தளத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"மூண்டு ராசாவும் இல்லையெண்டால் கூத்தும் இல்லை."

கனகசபை இறங்கி வந்தார். அரை மணி யோசித்து ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்தார். மூன்று மணிக்கு முதல் ராசா, நாலுக்கு நடு ராசா, ஐந்துக்குக் கடைசி ராசா. அதை அழகாக அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தார். கீழே ஒரு வரி: அரங்கினுள் பாய் கொண்டுவருதல், விரித்தல், படுத்தல் கண்டிப்பாகத் தடை. அதையே பலகையில் எழுதி வாசலிலும் மாட்டினார். புது அரங்கு புது மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எனக்கும் சரி என்றுதான் பட்டது. டிக்கெட் எல்லாம் அன்று மாலைக்குள் போய்விட்டது. மனிதர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

சனிக்கிழமை சரியாக மூன்று மணி. மத்தளம் முழங்க நான் கயிற்றை இழுத்தேன். திரை விலகியது, முதல் ராசா குதித்து வந்தார், விசில் பறந்தது. பூரித்துப் போய்ப் பக்கவாட்டிலிருந்து கூட்டத்தை எட்டிப் பார்த்தேன்.

பகீரென்றது. முன்னால் ஒரு இருநூறு பேர். அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகள், நாற்காலிகள், சுவர் வரைக்கும் வெறும் நாற்காலிகள்.

முன்வரிசையில் வல்லிபுரம் முதலாளி உட்கார்ந்திருந்தார். துணிக்கடைக்காரர். அவர் என்ன செய்கிறாரோ அதைத்தான் மற்றக் கடைக்காரர்களும் செய்வார்கள் என்று கனகசபை சொல்லியிருந்தார். அவர் நிதானமாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். கடையைப் பூட்டத்தான் போகிறார் என்பது எனக்கே புரிந்தது.

கனகசபை திரைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்துப் போயிற்று. "டிக்கெட் எல்லாம் வித்தாச்சே அம்மா. சனம் எங்கை? சனம் எங்கை போட்டுது?" இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மனிதர் விழுந்துவிடுவாரோ என்று பயந்து, ஒரு சோடா வாங்கி வர வாசலுக்கு ஓடினேன்.

ஓடினவள் படியிலேயே நின்றுவிட்டேன். தெருவில் இறங்க இடம் இல்லை.

காணாமல் போன நானூறு பேரும் அங்கேதான் இருந்தார்கள்! தேத்தண்ணிக் கடையில் வெளிவரை வரிசை. காப்புக் கடையில் கை நீட்டிக்கொண்டு பெண்கள். வல்லிபுரம் முதலாளி பூட்ட வந்த கடைக்குள் பூட்ட முடியாமல் மாட்டிக்கொண்டு, முக்காலியில் ஏறி நின்று சேலைக் கட்டுகளை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் நம் திரேசம்மா, வாயில் பனங்கட்டி, கையில் சாம்பிராணிப் பொட்டலம்.

"என்னம்மா இங்கே நிக்கிறீங்க? உள்ளே ராஜா வந்தாச்சே!" என்று கத்தினேன்.

"ஓம் தெரியும். அது மேலைத்தெரு ஆக்களின்ரை ராசா. எங்கடை ராசா அஞ்சு மணிக்குத்தானே? கடதாசியிலை வடிவாப் போட்டிருக்கு."

"அதுக்காக? டிக்கெட் வாங்கிட்டு வெளியவா நிப்பாங்க?"

"அக்கா, ஊரிலை எண்டால் பாயைப் போட்டுப் படுத்திடுவம். எங்கடை ராசா வரேக்கை ஆராவது தட்டி எழுப்புவினம். இஞ்சை பாய் கொண்டுவரக் கூடாதெண்டு எழுதியெல்லோ போட்டுக்கிடக்கு? வேறையென்ன செய்யிறது, கடையளைப் பாக்கிறம்."

உள்ளே ஓடிக் கனகசபையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அந்நிய ஆணின் கையை மதுரையில் இப்படி இழுத்தால் நாலு தெருவுக்குப் பேச்சாகிவிடும். வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார். "உது என்ன?" என்றார்.

நான்கு மணிக்கு முதல் ராசாவின் ஆட்கள் வியர்க்க விறுவிறுக்க வெளியே வந்து கடைகளில் நுழைந்தார்கள். நடு ராசாவின் ஆட்கள் வாங்கின சாமான் பைகளோடு உள்ளே போனார்கள். அந்த அரங்கு அன்று முழுவதும் ஒரு தடவைகூட நிரம்பவில்லை.

ஐந்துக்கு வர வேண்டிய அந்தோனி ஐந்தரைக்குத்தான் மேடை ஏறினார். நடு ராசாவை இறக்க அண்ணாவியாராலேயே முடியவில்லை. அந்தோனி பாடத் தொடங்கியதும் அந்தக் குறைபேச்சு மனிதரா இவர் என்று எனக்கு மயிர் கூச்செறிந்தது. மணி ஆறாயிற்று. கடைசி பஸ் போய்விடுமே என்று நான் பதறினேன். பின்சுவரோரம் காக்கிச் சட்டையோடு ஒருவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர். திரேசம்மாவின் தம்பியாம்.

இருட்டத் தொடங்கியது. பக்கக் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் வல்லிபுரம் முதலாளி, தலை கலைந்து, சால்வை இல்லாமல்.

"கனகசபை, உம்மட்டைப் பல்பு கிடக்கோ? சனம் நிக்குது, எனக்குச் சீலையின்ரை நிறம் தெரியேல்லை!"

கனகசபை ஒன்றும் கேட்காமல் ஒப்பனை அறைக்குள் போனார். எரிந்துகொண்டிருந்த பல்புகளைத் தன் சால்வையால் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் முந்தானையில் வாங்கிக்கொண்டேன். ஆடி முடித்த ராசாக்கள் இருட்டில் நின்று திட்டினார்கள். நாங்கள் இருவரும் கடை கடையாகப் போய்ப் பல்பு போட்டோம். ஒவ்வொன்றும் எரிந்தபோது தெருவே ஓவென்று கத்தியது. பஸ் அன்று ஏழு மணிக்குத்தான் கிளம்பியது. அதுவரை ஒரு ஜீப்பும் வரவில்லை. வரக்கூடாது என்று நான் மீனாட்சியையும் வேண்டினேன், குருநகர் மாதாவையும் வேண்டினேன்.

ஞாயிறு காலை என்னை வழியனுப்பக் கனகசபை திரேசம்மா வீட்டுக்கு வந்திருந்தார். புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வல்லிபுரம் முதலாளி சைக்கிளில் வந்து இறங்கினார். சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று கனகசபை எழுந்து நின்றுவிட்டார்.

"அடுத்த கூத்து எப்ப?"

"வாற மாசம்."

"அதிலை எத்தினை ராசா?"

"மூண்டுதான்."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "அஞ்சு ஆக்க ஏலாதோ?"

கனகசபை சிரித்த சிரிப்பில் கண்ணாடி சொதிக்குள் விழுந்தது.

நான் ஊர் வந்து இதை வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மாசம் ஒரு கூத்து என்றும், இப்போது ஒன்பது கடை திறந்திருக்கிறது என்றும் கனகசபை கடிதம் போட்டார். அதை அடுத்து ஜூலை வந்தது. கொழும்பில் நம் சனத்தை வீடு வீடாக எரித்து விரட்டியதை ரேடியோவில் கேட்டு, தையல் மிஷினில் கை வைக்காமல் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் கடைசியில்தான் அவருடைய அடுத்த கடிதம் கிடைத்தது.

"அம்மா, அரங்கு நிரம்பிவிட்டது" என்று தொடங்கியிருந்தார். "கொழும்பிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சனத்தை இங்கே வைத்திருக்கிறோம். கதிரைகள் எல்லாம் வெளியே. பாய்த் தடைப் பலகையை நானே கழற்றிவிட்டேன். திரேசம்மா பகுதியார் வீட்டுக்கு இரண்டு பாய் கொண்டுவந்து தந்தார்கள். வல்லிபுரம் முதலாளி கடையில் இருந்த சேலை முழுவதையும் அனுப்பிவிட்டார். உடுத்த துணியோடு வந்த பெண்கள் உடுப்பு மாற்ற ஒரு மறைப்பு இல்லை. குழந்தை பெற்று மூன்று நாளான ஒரு பெண்பிள்ளையும் இதற்குள் கிடக்கிறாள். உங்கள் திரையை வெட்டித் தடுப்புக் கட்டலாம் என்கிறார்கள். உங்களைக் கேட்காமல் கத்தரி வைக்க எனக்கு மனம் வரவில்லை."

கடிதத்தில் தேதி பார்த்தேன். எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. பாவி மனுஷா, இதற்கெல்லாமா அனுமதி கேட்பது என்று வாய்விட்டுத் திட்டினேன். என் பதில் போய்ச் சேருவதற்கு முன்னால் அவர்கள் வெட்டியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பேனாவை எடுத்தேன்.

"கத்தரி வேண்டாம், வீணாகும்" என்று எழுதினேன். "தையலை மட்டும் பிரியுங்கள், பதினான்கு துண்டு வரும். உள்ளே இருக்கிற காடாவைத் தனியாக உருவினால் இன்னும் பதினான்கு. மேல் மடிப்பில் வளையம் இருக்கிறது. கயிறு கட்ட அந்தோனியைக் கூப்பிடுங்கள். வெல்வெட்டை அந்தப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுங்கள், வெளிச்சம் உள்ளே வராது, பச்சைப் பிள்ளை தூங்கும். ஈரக் கையால் தொட்டாலும் பரவாயில்லை."